பார்வையாளர் மையம் (இயற்கைப் பூங்கா)

பார்வையாளர் மையம் என்பது தேசியப் பூங்கா, காப்புக்காடு, ஈரநிலம் போன்ற பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளுக்கு வருவோரை வரவேற்று, அவ்விடத்தைப் பற்றி விளக்கி, உள்ளே செல்லும் வழிகளை ஒழுங்குபடுத்தும் கட்டிடம் அல்லது கட்டிடத் தொகுதி ஆகும். இது விளக்க மையம் எனவும் அழைக்கப்படுகிறது. நுழைவுச்சீட்டு வழங்குமிடம், காட்சிக்கூடம், கழிப்பறை, குடிநீர், ஓய்விடம், வண்டி நிறுத்துமிடம் ஆகியவை பொதுவாக இதில் அடங்கும். நீர்நிலைகளில் படகுத்துறையும் சேர்ந்திருக்கும்.

இவ்வகை மையம் சுற்றியுள்ள நிலத்தோற்றத்தோடு இயைந்து அமைய வேண்டும் என்பது கட்டிடக்கலையில் நெடுங்காலமாக வலியுறுத்தப்படும் கருத்தாகும். இயைபு என்பது நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் குறிப்பதன்று. நிலத்தின் மட்டம், நீரோட்டம், மண், உயிரினங்களின் நடமாட்டம் ஆகியவற்றை மாற்றாமல் கட்டுவதையும் அது குறிக்கும். தமிழ்நாட்டில் இதனை விளங்கிக்கொள்ள ஏற்ற இடம், கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்கு அருகில் உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு ஆகும். அங்கே தரைமட்டத்தில் ஏற்பட்ட சிறு மாற்றமே காட்டின் ஒரு பகுதி அழிவதற்குக் காரணமாயிற்று.

பணிகள்

பார்வையாளர் மையத்தின் பணிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. விளக்குதல்: வருவோர் தாம் காணப்போவது என்ன, அது ஏன் காக்கப்படுகிறது என்பதை அறியச் செய்தல்.
2. ஏற்றல்: கூட்டம், வண்டிகள், உணவு, குப்பை, கழிவுநீர் ஆகியவற்றைக் காட்டிற்கு வெளியே ஓரிடத்தில் ஏற்றுக்கொள்ளுதல்.
3. ஒழுங்குபடுத்தல்: ஒரே நேரத்தில் உள்ளே செல்வோரின் எண்ணிக்கையையும் வழியையும் அவ்விடத்தின் தாங்குதிறனுக்கு ஏற்பக் கட்டுப்படுத்துதல்.

காட்சிக்கூடமே மையத்தின் முதன்மையான பகுதி எனப் பலர் கருதினாலும், நிலத்தைக் காப்பதில் இரண்டாவது, மூன்றாவது பணிகளே பெரும்பங்கு வகிக்கின்றன. மையம் சரியாக அமைந்தால், ஆயிரம் பேர் வந்து சென்ற பின்னும் காடு ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'நாட்டுப்புறப் பாணி' எனத்தக்க கட்டிட முறை ஒன்று வளர்ந்தது. அருகில் கிடைத்த கரடுமுரடான கற்களையும் பெரிய மரத்தண்டுகளையும் கொண்டு, நிலத்திலிருந்து தாமே எழுந்தவை போன்ற தோற்றத்தில் கட்டிடங்கள் எழுப்பப்பட்டன. கட்டிடக் கலைஞர் மேரி கோல்ட்டர் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் 1914 ஆம் ஆண்டு அமைத்த 'லுக்கவுட் ஸ்டுடியோ' இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும். அதன் சுவர்கள் அப்பாறை விளிம்பின் சுண்ணாம்புக் கல்லாலேயே கட்டப்பட்டதால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டிடம் எளிதில் தென்படாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தானுந்துகளில் வருவோர் தொகை பெருகியது. அதனைச் சமாளிக்க அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை 1956 ஆம் ஆண்டு 'மிஷன் 66' என்னும் பத்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அச்சேவையின் பொன்விழா ஆண்டான 1966 இல் நிறைவுறும்படி திட்டமிடப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இத்திட்டத்தின்கீழ் கட்டப்பட்டன. 'பார்வையாளர் மையம்' என்னும் பெயரும் இக்காலத்திலேயே நிலைபெற்றது. கான்கிரீட், எஃகு, கண்ணாடி ஆகியவற்றாலான இக்கட்டிடங்களுள் சில, சிறந்த காட்சி கிடைக்கும் இடத்திலேயே கட்டப்பட்டதால் அக்காட்சியையே கெடுத்தன என்று பின்னர் விமர்சிக்கப்பட்டன. இதன் பயனாக, பூங்காவின் விளிம்பில் மையத்தை அமைத்து, அங்கிருந்து நடந்தோ சிறு ஊர்தியிலோ உள்ளே செல்லும் முறை பரவியது.

வடிவமைப்புக் கோட்பாடுகள்

இடத்தேர்வு

ஏற்கெனவே மாற்றமடைந்த நிலத்தில் கட்டுவது முதல் விதியாகும். பழைய சாலையின் முடிவு, கைவிடப்பட்ட கட்டிடத்தின் மனை, மரமற்ற மேட்டுநிலம் ஆகியன ஏற்ற இடங்கள். மிக அழகிய இடத்தை வெற்றிடமாக விட்டு, அதனை நோக்கிய இடத்தில் கட்டுவது நல்லது. கட்டிடத்தின் உயரம் சுற்றியுள்ள மரங்களின் உயரத்தைத் தாண்டாதிருந்தால் வானவிளிம்பு கெடாது.

நீரும் தரைமட்டமும்

நிலத்தை மேடாக்கி அதன்மேல் கட்டுவது பொதுவழக்கம். ஈரநிலத்தில் இது பெருந்தீங்கை விளைவிக்கும். கொட்டிய மண் அணைபோல் நின்று ஒருபுறம் நீரைத் தேக்கி, மறுபுறம் நீரில்லாமல் செய்துவிடும். ஆகவே கட்டிடத்தையும் நடைபாதைகளையும் தூண்களின்மேல் உயர்த்தி, அடியில் நீர் இயல்பாக ஓட விடுவதே ஏற்ற முறையாகும். நிலத்தடி நீர் மேலாக உள்ள இடங்களில் உறிஞ்சு குழிகள் பயன்தரா. கழிவுநீரைக் கசிவற்ற தொட்டிகளில் சேர்த்துத் தூய்மைப்படுத்த வேண்டும்.

கட்டுமானப் பொருள்

அருகிலேயே கிடைக்கும் பொருள்கள் நிறத்திலும் இழைநயத்திலும் நிலத்தோடு இயல்பாகவே ஒத்துப்போகின்றன. சோழமண்டலக் கரையில் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, நாட்டு ஓடு, பனைமரக் கை, சவுக்குக் கழி, தென்னங்கீற்று ஆகியன மரபான பொருள்கள். ஆயினும் மரபுப் பொருள் எல்லா இடத்திற்கும் பொருந்தாது. உவர்நீரில் நிற்கும் மரக்கால்களை மரம் துளைக்கும் மெல்லுடலிகள் அரித்துவிடும். கான்கிரீட்டிலும் உப்பு ஊடுருவிக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே கம்பியின் மேலுள்ள கான்கிரீட் மூடுதடிப்பைக் கூட்டுவதும், பழுதுபார்க்க எளிதான இணைப்புகளைக் கையாள்வதும் தேவையாகின்றன.

காற்றும் ஒளியும்

வெப்பமண்டலக் கரையோரத்தில் அகலமான தாழ்வாரம், முற்றம், நீண்டு தாழ்ந்த கூரை ஆகியவை குளிரூட்டியின் தேவையைக் குறைக்கின்றன. திண்ணை காத்திருப்போருக்கு இருக்கையாகவும் பயன்படும். பெரிய கண்ணாடிச் சுவர்களில் வானமும் மரங்களும் எதிரொளிப்பதால் பறவைகள் மோதி இறக்கின்றன. எனவே கண்ணாடியை நிழலில் அமைப்பதோ கோடுகளிட்டுக் காட்டுவதோ வேண்டும். இரவு விளக்குகள் தாழ்வாகவும் கீழ்நோக்கியும் இருத்தல் நலம். கடலோரத்தில் வலுவான ஒளி, முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் செல்லவைக்கும்.

பிச்சாவரம்

நிலத்தின் இயல்பு

பிச்சாவரம் சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், கிள்ளைக்கு அருகில் உள்ளது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையில் இக்காடு அமைந்துள்ளது. 50 க்கும் மேற்பட்ட சிறு திட்டுகளையும் அவற்றைச் சூழ்ந்த கால்வாய்களையும் கொண்டது. 1478.64 எக்டேர் பரப்பு 2022 ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

கால்வாய் ஓரங்களில் தாங்குவேர்களுடன் கூடிய சுரபுன்னையும், உட்பகுதியில் மூச்சுவேர்களை மண்ணிற்கு மேல் நீட்டும் வெண்கண்டலும் மிகுந்துள்ளன. தில்லை மரமும் இங்கு வளர்கிறது. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை இம்மரத்தாலேயே வந்தது. நடராசர் கோயிலின் தலமரமும் இதுவே. இதன் பால் தோலிலும் கண்ணிலும் கடும் எரிச்சலை உண்டாக்கும் என்பதால், நடைபாதைகளை இம்மரத்திற்கு எட்டாத தொலைவில் அமைப்பது தேவை.

இங்கு ஓதத்தின் (கடல் ஏற்றவற்றம்) உயர வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும். ஒவ்வோர் இனமும் ஓதநீர் எவ்வளவு நேரம் தன் வேரை நனைக்கிறது என்பதைப் பொறுத்தே தனக்குரிய மட்டத்தில் வளர்கிறது. எனவே இக்காட்டில் சில அங்குல உயர வேறுபாடும் பொருட்படுத்தத்தக்கதாகும்.

அழிவும் மீட்பும்

முற்காலத்தில் இக்காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, சுழற்சி முறையில் முற்றாக வெட்டப்பட்டது. மரமற்ற மண்ணில் வெயில் நேராக விழுந்தது. மண்ணின் ஈரம் ஆவியாகி, தரை சுருங்கித் தாழ்ந்து தொட்டி போலாயிற்று. ஓதத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியானது. உப்பு மேன்மேலும் சேர்ந்து, அலையாத்தி மரங்களும் தாங்கமுடியாத அளவை எட்டியது. அவ்விடங்களில் உமரி போன்ற உவர்நிலச் செடிகள் தவிர வேறெதுவும் முளைக்கவில்லை.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், தமிழ்நாடு வனத்துறையுடனும் அருகிலுள்ள சிற்றூர் மக்களுடனும் இணைந்து மீட்புப் பணிகளை மேற்கொண்டது. இயற்கையான ஓடையிலிருந்து ஒரு முதன்மைக் கால்வாயும், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைக் கால்வாய்களும் வெட்டப்பட்டன. மேலிருந்து பார்க்கும்போது இது மீன்முள் போன்ற தோற்றம் தரும். ஓதநீர் வந்துபோகத் தொடங்கியதும் உப்பின் அளவு குறைந்தது. அதன்பின் கரைகளில் நடப்பட்ட வெண்கண்டல் வேரூன்றியது. நீரின் வழியைத் திறந்துவிட்ட பின்னரே நட்ட கன்றுகளுக்கு வாழ்வு கிடைத்தது என்பது இம்மீட்பிலிருந்து பெறப்படும் முதன்மையான பாடமாகும்.

ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டக் கரையோரம் பேரிழப்பைச் சந்தித்தது. பிச்சாவரம் காட்டிற்குப் பின்னால் இருந்த சிற்றூர்கள், கடலை நேராக நோக்கியிருந்த ஊர்களைக் காட்டிலும் குறைந்த சேதத்துடன் தப்பின. கடலூர் மாவட்டக் கரையோரத்தை ஆராய்ந்து 2005 ஆம் ஆண்டு 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான கட்டுரை, மரங்கள் அடர்ந்த பகுதிகளின் பின்புறத்தில் சேதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமும் இதற்குக் காரணமாகலாம் என வேறு ஆய்வாளர்கள் பின்னர் வாதிட்டனர். எவ்வாறாயினும், காட்டைக் காப்பதில் ஊர்மக்களுக்கு இருந்த ஆர்வம் இந்நிகழ்வுக்குப் பின் பெருகியது.

படகுத்துறையும் சுற்றுலாவும்

எம்.ஜி.ஆர். நடித்து 1975 ஆம் ஆண்டு வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தின் காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டதால், பிச்சாவரம் தமிழகமெங்கும் அறிமுகமானது. இங்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இயங்குகிறது. சாலை முடியும் காட்டின் மேற்கு ஓரத்தில் இது உள்ளது. அங்கிருந்து பயணிகள் துடுப்புப் படகிலோ விசைப்படகிலோ செல்கின்றனர். மரக்கிளைகள் தலைக்குமேல் கவிந்த குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகு மட்டுமே செல்லமுடியும்.

வண்டிகளும் கூட்டமும் கரையிலேயே நின்றுவிட, காட்டிற்குள் படகு மட்டும் செல்லும் இவ்வமைப்பு, மேலே கூறிய இடத்தேர்வு விதியோடு ஒத்துள்ளது. உள்ளூர்ப் படகோட்டிகள் வழிகாட்டிகளாகவும் விளங்குகின்றனர். இக்காட்டின் கால்வாய்களில் இருளர் சமூகத்தினர் கையாலேயே இறாலும் நண்டும் பிடித்து வாழ்கின்றனர். ஆகவே இங்கு அமையும் எந்த மையமும் படகோட்டிகளுக்கும் மீன்பிடிப்போருக்கும் உரிய நிழலையும் துறையையும் வழியையும் கணக்கில் கொள்ளவேண்டும். சுற்றுலாவிற்காக அவர்களுடைய துறை இடம் மாறினால், காட்டை நாள்தோறும் கண்காணிக்கும் கண்களும் குறைந்துபோகும்.

வடிவமைப்பிற்கான நெறிகள்

இந்நிலத்தின் வரலாற்றிலிருந்து பின்வரும் நெறிகளைத் தொகுக்கலாம்.

* காட்டின் உள்ளே மண்ணைக் கொட்டி மேடாக்குதல் கூடாது. வெட்டப்பட்ட காட்டில் நேர்ந்த தேக்கம் அதனால் மீண்டும் நேரலாம்.
* நடைபாதைகள் தூண்களின்மேல் அமைந்து, கால்வாய்களைக் குறுக்கே மறிக்காமல் செல்லவேண்டும். தளப் பலகைகளுக்கிடையே இடைவெளி இருந்தால் அடியிலுள்ள கன்றுகளுக்கு ஒளி கிடைக்கும்.
* மூச்சுவேர்கள் மிதிபட்டால் மரம் நலிவடையும். ஆகவே பாதையை விட்டு இறங்க இயலாதபடி கைப்பிடி தேவை.
* தளத்தின் உயரம் ஓதத்தை மட்டுமன்றி, வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தையும் புயல் அலைகளையும் கருத்திற்கொண்டு முடிவு செய்யப்படவேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கு அருகிலேயே கரையைக் கடந்தது.
* கூரை காற்றுக்கு எதிர்நிற்கும்படி நன்கு பிணைக்கப்படவேண்டும். எளிதில் மாற்றத்தக்க கீற்றைச் சிறு பந்தல்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

சட்டநிலை

இந்தியாவில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. பின்னர் 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் புதிய அறிவிக்கைகள் வந்தன. இவற்றின்படி அலையாத்திக் காடுகள் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் அடங்கும். 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடைப்பகுதி விடப்படவேண்டும். 2019 ஆம் ஆண்டு அறிவிக்கை, ஒப்புதல் பெற்ற மேலாண்மைத் திட்டத்தில் சூழல் சுற்றுலாவிற்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் அலையாத்தி நடைபாதை, மரக்குடில், இயற்கை நடைவழி போன்றவற்றை நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது.

ஆரோவில் பார்வையாளர் மையம்

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை ஒட்டி விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில்லின் பார்வையாளர் மையம், நிலத்தோடு இயைந்த கட்டிடத்திற்கு இவ்வட்டாரத்தில் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அம்மேட்டுநிலம் மழைநீரால் அரிக்கப்பட்ட வறண்ட செம்மண் பரப்பாக இருந்தது. தொடர்ந்து மரங்கள் நடப்பட்டதால் இன்று காடாகக் காட்சியளிக்கிறது.

கட்டிடக் கலைஞர் சுகாசினி ஐயர் வடிவமைத்த இம்மையம் ஏறத்தாழ 1200 சதுர மீட்டர் பரப்புடையது. அவ்விடத்துச் செம்மண்ணுடன் சிறிதளவு சிமெண்ட் கலந்து, அழுத்துபொறியில் அழுத்தி, சூளையில் சுடாமல் நீர்தெளித்துப் பதப்படுத்திய மண்கற்களால் இது கட்டப்பட்டது. சிமெண்டின் அளவு பொதுவாக 5 விழுக்காடு ஆகும். சுடத் தேவையில்லாததால் விறகும் எரிபொருளும் மிச்சமாகின்றன. வளைவுகள், முற்றங்கள், நிழல் தரும் தாழ்வாரங்கள் ஆகியவற்றைக் கொண்ட இக்கட்டிடத்தின் நிறம் சுற்றியுள்ள மண்ணின் நிறமே ஆகும். எகிப்தியக் கட்டிடக் கலைஞர் அசன் ஃபாத்தியின் பெயரில் வழங்கப்படும் 'ஏழைகளுக்கான கட்டிடக்கலை' விருது 1992 ஆம் ஆண்டு இதற்குக் கிடைத்தது.

வண்டிகளை இங்கு நிறுத்திவிட்டு, மரங்களினூடே நடந்து மாத்ரி மந்திரைக் காணும் இடத்திற்குச் செல்வது பொது நடைமுறையாகும். மையமும் காணவேண்டிய இடமும் பிரிந்திருப்பதால், அமைதியான பகுதிக்குக் கூட்டத்தின் ஓசை எட்டுவதில்லை. எனினும் இதே மண்கல் பிச்சாவரத்திற்குப் பொருந்தாது. அடிக்கடி நீர் தேங்கும் உவர்நிலத்தில் மண்கல் நெடுநாள் நிலைக்காது. ஓரிடத்தில் இயைந்த கட்டிடத்தைப் படியெடுத்து வேறோர் இடத்தில் வைத்தால், அங்கு அது இயைபை இழந்துவிடும்.

பிற எடுத்துக்காட்டுகள்

* கண்டலம விடுதி, இலங்கை: கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் கட்டும் எண்ணத்தைத் தவிர்த்து, கண்டலமக் குளக்கரைப் பாறைச்சரிவைப் பாவா தேர்ந்தெடுத்தார். தூண்களின்மேல் நிற்பதால் மலையிலிருந்து வரும் மழைநீர் அடியில் ஓடுகிறது. முகப்பைக் கொடிகள் மூடியுள்ளன. இது விடுதியே ஆயினும், இடத்தேர்விற்காக இவ்வகையில் அடிக்கடி சுட்டப்படுகிறது.
* ஹாங்காங் ஈரநிலப் பூங்கா: 61 எக்டேர் பரப்புள்ள இப்பூங்கா 2006 ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்டது. இதன் மையத்தின் சரிவான கூரை புல்லால் மூடப்பட்டுள்ளது. நுழைவோருக்குக் கட்டிடம் ஒரு பசும்புல் மேடாகவே தெரியும்.
* சுங்கை பூலோ, சிங்கப்பூர்: பறவை ஆர்வலர்களின் முயற்சியால் காக்கப்பட்ட இவ்வலையாத்திப் பகுதி 1993 ஆம் ஆண்டு பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002 இல் ஈரநிலக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பலகை நடைபாதைகளும் பறவைகளைக் காணும் மறைவிடங்களும் இங்கு உள்ளன.
* பிளமிங்கோ, ஐக்கிய அமெரிக்கா: எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் அலையாத்திக் கரையில் இருந்த விடுதி, 2005 ஆம் ஆண்டுச் சூறாவளிகளால் சிதைந்து பின்னர் இடிக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய விடுதி தரையிலிருந்து உயர்த்தப்பட்ட தூண்களின்மேல் நிற்கிறது.

கருத்து வேறுபாடுகள்

கட்டிடம் இயற்கையைப் போலவே தோன்றவேண்டுமா என்பதில் ஒத்த கருத்து இல்லை. மனிதன் கட்டியதை மறைப்பது பொய்த்தோற்றம் என்றும், எளிமையான நேர்மையான வடிவமே போதும் என்றும் ஒரு சாரார் கூறுவர். தமிழகப் பூங்காக்கள் பலவற்றில் காணப்படும், சிமெண்டில் வார்த்து வண்ணம் பூசிய மரத்தண்டுக் கைப்பிடிகள், காளான் குடைகள், விலங்கின் வாய் போன்ற நுழைவாயில்கள் ஆகியன இவ்விமர்சனத்திற்கு உரியவை. இவை மரத்தைப் போலத் தோன்றினும், மரத்தின் பயன் எதனையும் தருவதில்லை. குழந்தைகளை ஈர்க்கின்றன என்பது இவற்றுக்கு ஆதரவாகக் கூறப்படும் காரணமாகும்.

மற்றொரு கேள்வி, மையம் தேவையா என்பதாகும். நல்ல வசதிகள் கூட்டத்தை மேலும் ஈர்த்து, காக்கவேண்டிய இடத்திற்கே சுமையாகலாம். இதற்கு மறுமொழியாக, மையம் இல்லாத இடங்களிலும் மக்கள் வரவே செய்கின்றனர் என்றும், அப்போது குப்பையும் கழிவும் காட்டிற்குள்ளேயே சேர்கின்றன என்றும் கூறப்படுகிறது. எனவே மையத்தின் அளவை வருவோரின் விருப்பத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், நிலத்தின் தாங்குதிறனைக் கொண்டு முடிவு செய்வதே பொருத்தமானது என்னும் கருத்து வலுப்பெற்று வருகிறது. கட்டிய பின்னும் நீரின் உப்புத்தன்மை, கன்றுகளின் முளைப்பு, பறவைகளின் வருகை ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்து வந்தால், கட்டிடம் நிலத்தோடு இயைந்துள்ளதா என்பதைச் சான்றுகளோடு அறியமுடியும்.

இவற்றையும் பார்க்க

* பிச்சாவரம்
* அலையாத்தித் தாவரங்கள்
* தில்லை (மரம்)
* ராம்சர் சாசனம்
* ஜெப்ரி பாவா
* சூழல் சுற்றுலா